மகளிடம் போகும் வழியில் மகனிடம் பத்து நாள்: மைல் டிக்கெட்டும் இடைத்தங்கலும்

கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகள் குடும்பத்தோடு மெல்பர்னில் இருக்கிறார். மகன் சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கும் மைல்களை, அதாவது டிக்கெட் எடுக்கப் பயன்படும் புள்ளிகளை, கொண்டு தாய் தந்தையை மெல்பர்னுக்கு அனுப்பிவைக்க விரும்புகிறார். போகிற வழியில் மகன் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்பது தாயின் ஆசை. 'சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து மெல்பர்னுக்கு இன்னொரு டிக்கெட் என்று இரண்டாகப் போட வேண்டுமா, ஒரே டிக்கெட்டில் முடியுமா? இலவச டிக்கெட் என்கிறார்களே, பிறகு எதற்குப் பணம் கேட்கிறார்கள்?' என்பவை அவருடைய கேள்விகள்.

ஒரே டிக்கெட்டில் முடியும். முடிந்த வரை ஒரே டிக்கெட்டாகத்தான் போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இராமநாதபுரத்தில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருப்பவன் என்ற முறையில், இந்தக் கடற்கரை ஊர்களின் பெற்றோர் எத்தனையோ பேர் ஒரே பயணத்தை இரண்டு டிக்கெட்டாக உடைத்து மைலையும் பணத்தையும் வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆகையால் காரணங்களையும் சேர்த்து விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் இடைத்தங்கல் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பன்னாட்டுப் பயணத்தில், ஒரு விமானத்தில் இறங்கி அடுத்த விமானத்தில் ஏறுவதற்கு இடையே 24 மணி நேரத்துக்கு மேல் ஓர் ஊரில் இருந்தால் அதற்கு ஸ்டாப்ஓவர், அதாவது இடைத்தங்கல், என்று பெயர். 24 மணி நேரத்துக்கு உட்பட்டால் அது டிரான்சிட், வெறும் விமான மாற்றம். இந்த 24 மணிக் கோடுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. காலை ஆறு மணிக்கு இறங்கி மறுநாள் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால், விசா இருக்கும் பட்சத்தில் ஊருக்குள் போய் உறவினர் வீட்டில் ஓர் இரவு தூங்கி எழுந்தாலும், டிக்கெட்டின் கணக்கில் அது இடைத்தங்கல் ஆகாது. ஒரே ஒரு நாள் போதும் என்கிறவர்கள் இடைத்தங்கல் உரிமையைச் செலவழிக்காமல் இந்த வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உங்களுக்குப் பத்து நாள் வேண்டும் என்பதால் இடைத்தங்கல் விதிக்குள்தான் வர வேண்டும்.

வழியில் தங்கிப் போவது நம் கரைக்குப் புதிய எண்ணம் அன்று. சேது யாத்திரைக்கு வந்தவர்கள் உப்பூரில் தொடங்கி, தேவிபட்டினத்திலும் திருப்புல்லாணியிலும் தங்கித்தான் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தார்கள். அதற்காகவே சேதுபதி மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். இரயிலிலும் இதே ஏற்பாடு இருந்து வந்திருக்கிறது. இராமேசுவரத்திலிருந்து காசிக்கு ஒரே டிக்கெட் எடுப்பவர், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகு வழியில் ஓர் ஊரில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டு, அதே டிக்கெட்டில் பயணத்தைத் தொடரலாம் என்பது இரயில்வேயின் பயண முறிப்பு விதி. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு அப்படி இரண்டு முறை இறங்கலாம். தூரம் கூடக் கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும் என்பதால், இரண்டு துண்டு டிக்கெட்டுகளைக் கூட்டினால் வரும் தொகையைவிட நீண்ட ஒற்றை டிக்கெட் மலிவாக இருக்கும். மைல் டிக்கெட்டில் இடைத்தங்கலின் இலாபமும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

ஏறக்குறைய என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லா மைல் திட்டங்களும் ஒரே மாதிரி விலை போடுவதில்லை. உலகை மண்டலங்களாகப் பிரித்து, 'இந்த மண்டலத்திலிருந்து அந்த மண்டலத்துக்கு இத்தனை மைல்' என்று பட்டியல் வைத்திருப்பவை ஒரு வகை. சிங்கப்பூர் ஏர்லைன்சின் கிரிஸ்ஃப்ளையர் இந்த வகையைச் சேர்ந்தது. இதில் சென்னையிலிருந்து மெல்பர்னுக்கு ஒரே விலை. நடுவில் சிங்கப்பூரில் விமானம் மாறினாலும், விதி அனுமதிக்கும் இடைத்தங்கலாகப் பத்து நாள் தங்கினாலும் மைல் கணக்கு மாறாது. இதையே இரண்டு டிக்கெட்டாகப் போட்டால் சென்னை–சிங்கப்பூருக்குரிய மைலும், சிங்கப்பூர்–மெல்பர்னுக்குரிய மைலும் தனித்தனியாகக் கழியும். இரண்டின் கூட்டுத்தொகை ஒற்றை விலையைவிட அதிகம்.

பிரிட்டிஷ் ஏர்வேசும் கத்தார் ஏர்வேசும் பயன்படுத்தும் ஏவியாஸ் இதற்கு நேர்மாறான வகை. அங்கே விமானத்துக்கு விமானம் தூரத்தைப் பார்த்துத்தான் விலை. அதனால் வழியில் பத்து நாள் தங்கினாலும் பத்து மணி நேரம் காத்திருந்தாலும் பெரும்பாலும் ஒரே செலவுதான். இடைத்தங்கலால் அங்கே தனி இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஏர் கனடாவின் ஏரோபிளான் மூன்றாவது வகை: ஒருவழி டிக்கெட்டிலேயே 5,000 புள்ளிகள் கூடுதலாகக் கொடுத்தால் ஓர் ஊரில் 45 நாள் வரை தங்கலாம், அந்த ஊர் கனடாவிலோ அமெரிக்காவிலோ மட்டும் இருக்கக் கூடாது. டொராண்டோவில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது இந்த விதியைத்தான். இருக்கையின் தேவையைப் பொறுத்து நாளுக்கு நாள் விலையை மாற்றும் திட்டங்களும் இப்போது பெருகி வருகின்றன. அவற்றில் பட்டியலே கிடையாது என்பதால், தங்கிப் போகும் பயணத்தையும் நேராகப் போகும் பயணத்தையும் திரையில் தனித்தனியாகப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருகிறேன். கிரிஸ்ஃப்ளையரில் சேவர், அட்வான்டேஜ் என்ற இரண்டு நிலைகளைத்தான் நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டும். சேவருக்கு மைல் குறைவு, இருக்கைகளும் குறைவு. அட்வான்டேஜுக்கு மைல் அதிகம், ஆனால் இருக்கை கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். சேவரில் போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்தால் ஓர் இடைத்தங்கல் கட்டணமில்லாமல் கிடைக்கும். சேவரில் ஒருவழி மட்டும் எடுத்தால் அந்தச் சலுகை இல்லை. 100 அமெரிக்க டாலர் கட்டி இடைத்தங்கலை வாங்க வேண்டும். அட்வான்டேஜில் ஒருவழிக்கு ஒன்று, போக வர இரண்டு. போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரண்டு ஒருவழி சேவர் டிக்கெட் எடுத்தாலும், போக வர ஒரே சேவர் டிக்கெட் எடுத்தாலும் கழியும் மைல் ஒன்றுதான். இது தெரியாமல் ஒருவழியாகப் பிரித்துப் போட்டு, ஆளுக்கு 100 டாலர் வீதம் கட்டிய குடும்பங்கள் உண்டு. டிக்கெட் போடும் நாளில் திட்டத்தின் விதிப் பக்கத்தை ஒரு முறை திறந்து படித்துவிடுமாறு உங்கள் மகனிடம் சொல்லுங்கள். மைல் திட்டங்கள் முன்னறிவிப்புக் கொடுத்து விதிகளை மாற்றிக்கொள்ளக் கூடியவை.

அந்த ஓர் இடைத்தங்கலைப் போகும்போது வைத்துக்கொள்வதா, திரும்பும்போதா? போகும்போதே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ நாலரை மணி நேரம், அங்கிருந்து மெல்பர்ன் ஏழரை மணி நேரம். வயதானவர்கள் முதல் பகுதி முடிந்ததும் மகன் வீட்டில் ஓய்வெடுத்துவிட்டு அடுத்த பகுதியைத் தொடங்குவது உடலுக்கு நல்லது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பெற்றோர் வெளிநாடு போனால் மாறுவது பெரும்பாலும் திரும்பும் தேதிதான். பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மகளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தால் புறப்பாடு தள்ளிப்போகும். திரும்பும் வழியில் இடைத்தங்கலும் இருந்தால், ஒரு தேதி மாறினாலும் இரண்டு வெவ்வேறு நாள்களுக்கு மைல் இருக்கை தேட வேண்டிவரும். போகும்போதே தங்கி முடித்துவிட்டால் திரும்பும் பயணம் எளிதாகிவிடும்.

இருக்கை தேடுவதிலும் இடைத்தங்கல் ஒரு விதத்தில் உதவுகிறது. நேராகப் போகிறவருக்குச் சென்னை–சிங்கப்பூர் விமானத்திலும் அதை ஒட்டிய சிங்கப்பூர்–மெல்பர்ன் விமானத்திலும் ஒரே நேரத்தில் இருக்கை வேண்டும். பத்து நாள் தங்குகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எட்டாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ எதில் இடம் இருக்கிறதோ அதில் ஏறலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாள்களுக்கு முன்பே இருக்கைகளைத் திறந்துவிடுகிறது. போக வர டிக்கெட் என்றால் கடைசி விமானத்தின் நாளும் அந்த 355 நாள்களுக்குள் வந்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. மூன்று மாதம் மெல்பர்னில் இருக்கப் போகிறீர்கள் என்றால், புறப்பாட்டுக்கு எட்டு மாதத்துக்கு முன்புதான் முழுப் பயணத்தையும் ஒன்றாகப் பதிவு செய்ய முடியும். சேவரில் இடம் இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்கும் வசதி உண்டு. ஆனால் பள்ளி விடுமுறை நாள்களுக்கு அந்தப் பட்டியலை நம்பி இருக்க வேண்டாம்.

மைல் மகனுடையது, பயணம் செய்வது பெற்றோர். இதற்கு விதியில் இடம் உண்டா என்ற ஐயமும் உங்களுக்கு இருக்கும். உண்டு. கிரிஸ்ஃப்ளையர் உறுப்பினர் தம் கணக்கில் ஐந்து பேரை நியமனப் பயணிகளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்குத் தம் மைலில் டிக்கெட் எடுக்கலாம். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதிய வேண்டும். நம் பக்கத்தில் தகப்பனார் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாகவே இருக்கும் பெரியவர்கள் ஏராளம். சிங்கப்பூர் வழியில் இதைச் சமாளித்துவிடலாம். ஆனால் துபாயில் இடைத்தங்கல் என்று திட்டமிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒரு கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் அதை ஏற்றுக்கொள்கிறார்கள்.

மைலின் ஆயுளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிஸ்ஃப்ளையர் மைல் சேர்ந்ததிலிருந்து மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டால் போதும், பயணம் பிறகு இருக்கலாம். ஆனால் அப்படி எடுத்த டிக்கெட்டை மைலின் காலம் முடிந்த பிறகு இரத்து செய்தால் அந்த மைல் திரும்பி வராது.

வெளியில் மைல் வாங்கி டிக்கெட் போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை அடியோடு விட்டுவிடுங்கள். 'பிசினஸ் கிளாஸ் மைல் டிக்கெட், பாதி விலைக்கு' என்று விற்கும் ஆட்கள் நம் ஊர்களுக்கும் வருகிறார்கள். முன்பின் அறியாத ஒருவருடைய கணக்கிலிருந்து எடுத்துத் தரும் டிக்கெட் அது. மைலை விற்பதை எல்லாத் திட்டங்களும் தடை செய்திருக்கின்றன. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி டிக்கெட்டையும் இரத்து செய்துவிடுவார்கள். அப்படி ஒரு டிக்கெட்டோடு சென்னை விமான நிலையம் வரை போய், பதிவு மேசையில் 'இந்த டிக்கெட் செல்லாது' என்று கேட்டுத் திரும்பி வந்த ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். விற்றவரின் தொலைபேசி அதற்குப் பிறகு எடுக்கப்படவே இல்லை. அந்த அம்மாள் அன்று என் கடைப் படியில் உட்கார்ந்து அழுததை நினைத்தால் இன்னும் மனம் பதறுகிறது.

அடுத்து, பணம் எதற்கு என்ற கேள்வி. மைல் கொடுப்பது விமானக் கட்டணத்துக்கு மட்டும். அரசுகளும் விமான நிலையங்களும் விதிக்கும் வரிகளைப் பணமாகவே கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு பயணிக்கும் அந்நாட்டு அரசு விதிக்கும் பயணக் கட்டணம் 2024 சூலை முதல் 70 ஆஸ்திரேலிய டாலர். இடைத்தங்கலால் கூடும் செலவும் ஒன்று உண்டு: சாங்கி விமான நிலையத்தில் விமானம் மட்டும் மாறுகிறவரிடம் வாங்கும் கட்டணத்தைவிட, ஊருக்குள் தங்கிவிட்டுப் புறப்படுகிறவரிடம் வாங்கும் கட்டணம் பல மடங்கு அதிகம். இலண்டனில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் பிரிட்டனின் விமானப் பயணி வரியும் இதே முறையில் வந்து சேரும். சில நிறுவனங்கள் மைல் டிக்கெட்டுக்கும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தைச் சேர்த்து வாங்குகின்றன. சில திட்டங்கள் வாங்குவதில்லை, ஏரோபிளான் அந்த நல்ல வகை. எதுவானாலும், கட்ட வேண்டிய பணம் எவ்வளவு என்பதை மைல் கழியும் முன்பே திரையில் பார்த்துவிடலாம். பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

டிக்கெட்டைவிட விசாவில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டிரான்சிட் என்றால் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்துவிடலாம். இடைத்தங்கல் என்றால் நாட்டுக்குள் நுழைகிறீர்கள். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற குறிப்பிட்ட சில நாடுகளின் செல்லத்தக்க விசா வைத்திருக்கும் இந்தியர்கள் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்ற சலுகை இருப்பதை யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், ஆனால் நான்கே நாள். பத்து நாளுக்கு அது உதவாது. எனவே ஆஸ்திரேலிய விசா கைக்கு வந்ததும் சிங்கப்பூர் விசாவுக்கும் முறையாக விண்ணப்பித்துவிடுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை, கட்டணம் கேட்கும் தளங்களில் நிரப்பாதீர்கள். உம்ரா செய்ய விரும்பும் அன்பர்களுக்காக ஒரு குறிப்பு: சவூதி அரேபியா 2023 சனவரியில் தன் நாட்டு விமானங்களில் பயணம் செய்வோருக்கு 96 மணி நேர இடைத்தங்கல் விசாவை அறிமுகப்படுத்தியது, உம்ராவுக்கும் அது செல்லும்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானம் மட்டும் மாறினால் பெட்டி நேராக மெல்பர்னுக்குப் போய்விடும். இடைத்தங்கல் என்றால் சிங்கப்பூரில் பெட்டியை எடுத்துக்கொண்டு, மறுபடி புறப்படும்போது புதிதாகப் பதிய வேண்டும். மகனுக்குக் கொண்டுபோவதை ஒரு பெட்டியிலும் மகளுக்குக் கொண்டுபோவதை இன்னொன்றிலும் தனியாகக் கட்டிவிடுவது நல்லது. கருப்பட்டியானாலும் மாசிக் கருவாடானாலும் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது எல்லா உணவுப் பொருள்களையும் வருகைப் படிவத்தில் அறிவித்தே ஆக வேண்டும். அறிவித்துவிட்டு அவர்கள் எடுத்துக்கொண்டால் போனது பொருள் மட்டும், மறைத்தால் கடுமையான அபராதம்.

ஒரே டிக்கெட்டாக இருப்பதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. வரிசையில் ஒரு விமானத்தை விட்டால் அதற்குப் பிந்திய விமானங்கள் தாமாகவே இரத்தாகிவிடும். 'நாங்கள் வேறு வழியாகச் சிங்கப்பூர் வந்துவிடுகிறோம், அங்கிருந்து மட்டும் ஏறிக்கொள்கிறோம்' என்று யாரிடமும் சொல்லாமல் முதல் பகுதியை விட்டுவிட்டால், மெல்பர்ன் விமானத்தில் உங்களுக்கு இடம் இருக்காது. அதற்கு ஈடாக ஒரே டிக்கெட் தரும் பாதுகாப்பு பெரியது. நேர் பயணத்தில் முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள். திரும்பி வரும்போது சிங்கப்பூரில் நீங்கள் விமானம் மட்டும் மாறப் போகிறீர்கள் என்பதால் இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

மதுரையிலிருந்தே புறப்பட முடியாதா என்றும் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் மதுரைக்கு வருவதில்லை. ஏவியாஸ் அல்லது ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தின் ஃப்ளைஸ்மைல்ஸ் புள்ளிகள் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது: மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து நேராக மெல்பர்ன். ஸ்ரீலங்கன் 2014 மே முதல் ஒன்வேர்ல்டு என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருப்பதால் அந்தக் கூட்டணியின் பிற திட்டப் புள்ளிகளையும் அதில் பயன்படுத்தலாம். 1914 முதல் 1964 புயல் வரை சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட்டில் தனுஷ்கோடி வரை இரயில், தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து கொழும்புக்கு மறுபடி இரயில் என்று போட் மெயிலில் போன தலைமுறையினரின் பிள்ளைகளுக்கு இந்த வழி அந்நியமாகத் தோன்றாது. ஆனால் உங்களிடம் இருப்பது கிரிஸ்ஃப்ளையர் மைல், மகன் இருப்பது சிங்கப்பூர். சென்னையிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

சென்னை வரை போகும் சேது எக்ஸ்பிரசும் விமான டிக்கெட்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரயில் தாமதமானால் விமான நிறுவனம் காத்திருக்காது. ஆகவே விமானத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே சென்னை போய்ச் சேரும்படி இரயிலைப் பதிவு செய்யுங்கள். எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கிருந்து மின்சார இரயிலில் திரிசூலம் நிலையத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். பெட்டி அதிகம் என்றால் தாம்பரத்திலேயே வண்டி பிடித்துவிடுங்கள். அன்றிரவு தங்குவதற்குப் பல்லாவரம் பக்கம் உறவினர் வீடு இருந்தால் மிகவும் வசதி.